பலகையைக் கழற்ற வந்தவன்

...சரி, கோஷம் போட்டது போதும். எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. கொஞ்சம் உக்காருங்க. கம்பெனிக்குள்ளதான் உக்கார விடமாட்டாங்க, ரோட்டுலயாவது உக்காருங்கம்மா. ஐஸ் தண்ணியில இறால் உரிச்சு மரத்துப்போன கை, ஒரு கதை கேக்குற நேரம் மடியில கெடக்கட்டும்.

ஆமா, கதைதான். சின்னதுதான். கப்பல்ல வேலை பார்த்த எங்க சித்தப்பா சீனாவுல கேட்டுட்டு வந்து சொன்னது. நடந்ததா, கட்டினதான்னு நான் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க.

சீனாவுல தெக்குப் பக்கம் ஒரு துறைமுகம். அங்க மூட்டை தூக்குறவங்களும் மீன் விக்கிறவங்களும் குங்ஃபூ பழகுற ஒரு கூடம். கூடம்னதும் பெருசா நினைக்காதீங்க... மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு ஓட்டுக் கொட்டகை. வாசல்ல கூடத்துப் பேர் எழுதின ஒரு மரப் பலகை. சொல்லிக் குடுக்குறது ஒரு பொம்பளை. பேரு சூ யான். படகு தள்ளிப் பொழைக்கிறவ.

அங்க முதல் பாடம் என்ன தெரியுமா? அடிக்கிறதா? இல்ல. உதைக்கிறதா? இல்ல. நிக்கிறது. காலை அகட்டி, முட்டிய மடக்கி, குதிரை மேல உக்கார்ந்த மாதிரி நிக்கணும். குதிரைதான் இருக்காது. தொடை நடுங்கும், கண்ணுல தண்ணி வரும்... நிக்கணும். ரெண்டாவது பாடம்? விழுறது. மண்டையில அடிபடாம விழணும், விழுந்ததும் எந்திரிச்சு பழையபடி நிக்கணும்.

ஆ லின்னு ஒரு மீன்காரி கேட்டாளாம், "ஏன் யான், விழுறதுக்கு எதுக்கு வாத்தியாரு? எங்க வீட்டுக்காரரு தினமும் சாராயக்கடை வாசல்ல தானாத்தான விழுறாரு." அதுக்கு சூ யான் சொன்னா, "விழுறது அவரு. தூக்கி விடுறது நீ. எந்திரிக்கத்தான் வாத்தியாரு."

இதைப் பார்த்து, மூட்டை தூக்குறவங்களுக்குக் கூலி குடுக்குற குடோன் முதலாளிக்கு வயிறு எரிஞ்சுச்சு. ஏன் எரியாது? காலையில நிமிர்ந்து நிக்கப் பழகினவன், கூலி பேசுறப்ப மட்டும் குனிவானா? அதனால ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தாரு. பாவ் தேங். ஊர் ஊரா போய்ப் பலகையைக் கழட்டுறதுதான் அவன் பொழப்பு. அங்க ஒரு வழக்கம் உண்டு பாருங்க... யாரு வேணா ஒரு கூடத்தோட மோதலாம். ஜெயிச்சா பலகையைக் கழட்டிக்கலாம், கூடத்தை மூடிறணும்.

வந்தான். சூ யான் வலது கையை மடக்கி, இடது கையால மூடி வணக்கம் வச்சா. அவங்க வணக்கமே அப்படித்தான்... பலம் இருக்கு, ஆனா மூடித்தான் வச்சிருக்கேன்னு அர்த்தம். அவன் பதில் வணக்கம்கூட வைக்கல. சண்டை நடந்துச்சு. கதைன்னா அவதான ஜெயிக்கணும்? ஜெயிக்கலம்மா. தோள் எலும்பு விலகி விழுந்தா. அன்னைக்கு அவளால எந்திரிக்க முடியல. அவன் பலகையைக் கழட்டி அக்குள்ல வச்சுக்கிட்டுச் சொன்னான், "நாளையில இருந்து இங்க ஒரு கோழிகூட ஒத்தக் கால்ல நிக்கக் கூடாது."

மறுநாள் காலையில பூட்டு போட வர்றான். உள்ள பார்த்தா... அத்தனை பேரும் நிக்கிறாங்க. இல்லாத குதிரை மேல. முன் வரிசையில ஆ லின்.

"உங்க வாத்தியாரையே சாய்ச்சுட்டேன். தெரியாதா?"

"தெரியும். கட்டு போட்டதே நான்தான்."

"பின்ன என்ன நிக்கிற?"

"மோதினது கூடத்தோடதான? அவளைத்தான் அடிச்ச. என்னை எப்ப அடிச்ச?"

அவன் பூட்டைக் கீழ வச்சுட்டான். இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல. எல்லா ஊர்லயும் வாத்தியார் விழுந்தா மத்தவன் ஓடிருவான். கூடத்தை மூடினது அவன் கை இல்லம்மா, அந்தந்த ஊர்க்காரங்க பயம்.

ஒரு தள்ளு தள்ளினான். ஆ லின் விழுந்தா. எந்திரிச்சா. நின்னா. பக்கத்துல மூட்டைக்காரனை அடிச்சான். விழுந்தான், எந்திரிச்சான், நின்னான். கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தா, முதல் வரிசை அப்படியே நிக்குது. மறுபடியும் ஆரம்பிச்சான்... உச்சி வெயில் வந்துருச்சு. அவனுக்கு மூச்சு வாங்குது. துறைமுகத்துல மூட்டை மலையா கெடக்கு, தூக்க ஆளில்ல. முதலாளி ஓடி வர்றாரு.

"யோவ், ஜெயிச்சியா இல்லையா?"

பாவ் தேங் முட்டியில கையை ஊனிக்கிட்டுச் சொன்னானாம், "எத்தனை தடவை ஜெயிக்கணும்னு இவங்க சொல்ல மாட்டேங்குறாங்களே."

பலகை அவன்கூடவே போயிருச்சு. கூடம் அங்கேயே இருந்துச்சு.

இதை ஏன் இன்னைக்குச் சொல்றேன்? உக்கார ஸ்டூல் கேட்டோம். கைக்கு உறை கேட்டோம். அதுக்காக நேத்து என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. சூப்பர்வைசர் உங்ககிட்ட என்ன சொன்னாரு? "ஜெபராணி போயிட்டா, சங்கம் முடிஞ்சுது." சொன்னாரா இல்லையா?

நான் விழுந்தது நிஜம். வீட்டுக்குப் போய் அழுதேன், அதுவும் நிஜம். அதை எதுக்கு மறைக்கணும்? ஆனா மாரிக்கனி... நீ எப்ப தோத்த? செபஸ்தியம்மா, உன்னை யாரு ஜெயிச்சா? என்னை அடிச்சதுக்கு நீங்க விழணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

நாளைக்குக் காலையில சூப்பர்வைசர் கேட்டுல நிப்பாரு. ஒவ்வொருத்தியா கூப்பிட்டு, "உனக்கும் ஸ்டூல் வேணுமா?"ன்னு முறைப்பாரு. வேணும்னு சொல்லுங்க. திட்டுவாரு, திட்டட்டும். அடுத்தவ போய் அதையே சொல்லட்டும். அவளுக்கு அடுத்தவளும் அதையே சொல்லட்டும். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்.

கம்பெனி என்னை ஜெயிச்சிருச்சு, ஒத்துக்குறேன். இன்னும் நீங்க இத்தனை பேர் பாக்கி இருக்கீங்க. உங்களையும் ஜெயிக்கட்டும், பார்ப்போம்.