போர்டுக்காரன் பிடித்த நிறம்

ஐயா, போர்டு எழுதுவதில் ‘ழ’தான் வம்பு பிடித்த எழுத்து. பழக்கடைப் போர்டில் அதன் வால் ஒழுங்காக அமைந்துவிட்டால் மற்ற எழுத்துகள் தானாக வந்து உட்கார்ந்துவிடும். இந்த அறுபத்திரண்டாம் வருஷச் சீசனில் குற்றாலம் கடைவீதியில் நீங்கள் பார்த்த போர்டுகளில் பாதி என் கை. உட்காருங்கள், வீரபாகு விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் அவனும் தென்காசியில் டிராயிங் மாஸ்டர் பரீட்சைக்கு ஒன்றாகப் படித்தோம். எனக்குக் குற்றாலம், அவனுக்குச் சிவகிரி. ஆவணி போய்விட்டால் எங்கள் ஊர் சீசன் கடைகள் பூட்டித்தான் கிடக்கும். அந்தக் காலிக் கடைகளில் மாணவர்கள் எல்லோரும் படம் மாட்டிக் கண்காட்சி நடத்தலாம் என்பது என் யோசனை. வீடு வீடாகப் போய்ச் சாவி வாங்கி வந்தவன் நான். அழுகிய பழ வாடை போகச் சுண்ணாம்பு அடித்தவனும் நான்தான். அருவிக்கரைப் பக்கம் இருக்கும் முதல் கடையில் நம் இருவர் படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டுவோம் என்று வீரபாகு என் கையில் அடித்துச் சொன்னான். கண்காட்சியில் என் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னை மேலே படிக்க வைப்பதா, போர்டு எழுதவே விடுவதா என்று முடிவு செய்வேன் என அப்பா சொல்லியிருந்தார். அது வீரபாகுவுக்கும் தெரியும்.

படம் மாட்டுகிற அன்று என் படங்கள் ஒரு கடைச் சுவரிலும் இல்லை. கடைசிக் கடையில் சாக்குக்கு அடியில் கிடந்தன. மாட்டும் பொறுப்பை எடுத்துக்கொண்ட வீரபாகுவிடம் ஏன் என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும் அவன் சிரித்தான்.

“ஏலே சைலம், கோவிக்காத. ஒன் படம்லாம் போர்டு படமால்லா இருக்கு. நீ வாசலுக்கு நல்லதா ஒரு போர்டு எழுது. அதுதான் ஒனக்கு வருது.”

மற்றவர்களும் சிரித்தார்கள். எங்களோடு படித்த அகமது கபீர் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரே இலையில் சாப்பிட்டவன் இப்படிச் செய்துவிட்டானே என்றுதான் கோபம். ஆனாலும் நான் சண்டை போடவில்லை. போர்டை எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அவனுக்கு இன்னும் ஒரு படம் வரைய வேண்டியிருந்தது. வழி காட்டக் கூப்பிட்டான், போனேன். செண்பகாதேவி அருவிக்குப் போகும் வழியில், ஆற்றின் நடுவே ஒரு பாறையில் உட்கார்ந்தான். கபீர் பின்னால் வந்துகொண்டிருந்தான். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மலை உச்சி மட்டும் கருத்திருந்தது.

எங்கள் ஊரில் தண்ணீர் நிறம் மாறினால், பார்த்தவன் “கரை ஏறு” என்று கத்துவான். மேலே மழை பெய்து வெள்ளம் இறங்குகிறது என்று அர்த்தம். யார் எவர் என்று பார்ப்பதில்லை, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்கும் கத்துவோம். சிவகிரிக்காரனுக்கு இது தெரியாது.

நிறத்தை முதலில் பார்த்தவன் அவன்தான்.

“ஏலே, தண்ணி நெறம் மாறுது பாரு.”

“என்ன நெறம்?”

“கருப்பட்டி கரைச்சாப்ல. இன்னுங் கொஞ்சம் செவப்பு.”

“அந்த நெறம் எப்பவும் கெடைக்காது. விடாத, பிடிச்சிரு.”

அவன் குனிந்து வர்ணம் குழைத்தான். நான் கரை ஏறி நின்றேன். சருகு வந்தது, முறிந்த கிளை வந்தது, பிறகு இரைச்சல். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நம்பி ஏமாந்தவன் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், முந்தின நாள்தான் நான் அவனை அப்படிப் பார்த்திருந்தேன்.

கீழே சிற்றாற்றில் உடல் கிடைத்த பிறகு கபீர் கேட்டான்: “நீ குத்தாலத்துக்காரன்லா. ஒனக்கா தெரியாது?” அவன்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருப்பான்.

நான் வீரபாகுவைத் தொடவில்லை. பொய்யும் சொல்லவில்லை, அந்த நிறம் உண்மையிலேயே அபூர்வம். கத்தியிருந்தால் ஏறியிருப்பான். நான் கத்தவில்லை. உட்காரச் சொன்னேன், செத்துப்போவான் என்று தெரிந்தே சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

கண்காட்சியை அவன் நினைவாகத் திறந்தோம். முதல் கடையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் நான் புதிதாக வரைந்த படத்தை மாட்டினேன். வெள்ளம் இறங்குகிற ஆறு, நடுவில் பாறை, பாறையில் யாரும் இல்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு மேலே படி என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷனுக்கு அந்தக் கடை வழியாகத்தானே போவோம்? ஒரு நிமிஷம் நின்று, அந்தத் தண்ணீரின் நிறத்தை மட்டும் பாருங்கள், ஐயா. பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், அது போர்டு படமா?