மண்டையில் ஏறாதவள்

கோவமா? அதெல்லாம் இல்ல டீச்சர். உங்க மேல கோவிச்சுக்கிட்டு நான் எங்க போய் நிப்பேன்? உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், குண்டூசி கெடக்கும். இந்தத் துணியெல்லாம் நகத்திட்டு இப்படி உக்காருங்க. நான் இந்த பேன்ட்டுக்கு ஜிப் மாத்திக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சாயங்காலம் பேன்ட்டுக்காரரு வாங்க வந்துருவாரு. மனுஷன் வயித்த வளத்துட்டு ஜிப்பக் குத்தம் சொல்றாரு.

ஆமா, ரெண்டு வாரமா இங்கிலீஷ் வகுப்புக்கு வரல. முட்டி வலின்னு வச்சுக்குங்களேன். நம்பலையா? சரி, வேலை ஜாஸ்தி. பள்ளிக்கூடம் தொறக்கற நேரம், இந்தத் தெருப் பசங்க சட்டை பூரா என் தலையிலதான். அதுவும் நம்பலையா. டீச்சராச்சே, எத்தன பொய்யக் கேட்டிருப்பீங்க.

சேச்சே, பாட்டு புடிச்சுது. பந்த எறிஞ்சு பதில் கேக்கறதும் புடிச்சுது. கூடப் படிக்கற வாட்ச்மேன் தாத்தா ஒரு தடவ பந்தப் புடிச்சு மடியில வச்சுக்கிட்டே தூங்கிட்டாரே, அந்தச் சிரிப்பு எனக்கு வீட்டுக்கு வந்தும் அடங்கல. சரியாச் சொன்னா ஸ்டார் ஒட்டறதுதான் கொஞ்சம்... பேரன் பேத்தி எடுத்தவங்க டீச்சர் பாதிப் பேரு. ஆனா பாருங்க, டிரைவர் அண்ணன் அத நெத்தியில ஒட்டிக்கிட்டே நாள் பூரா வண்டி ஓட்டியிருக்காரு. கழட்ட மனசு வரலையாம்.

இல்ல, வர்ற ஞாயித்துக்கிழமை பரீட்சையும் எழுதறதா இல்ல. ரெண்டு தடவ ஃபெயிலானவள மூணாவது தடவையாவது தூக்கி நிறுத்தணும்னு உங்களுக்கு ஒரு வைராக்கியம். புரியுது. பாஸானாத்தான் விசா, விசா வந்தாத்தான் வெளிநாட்டுல அவருகிட்ட போய்ச் சேர முடியும். எங்க அண்ணன்லேர்ந்து பால்காரர் வரைக்கும் இதத்தான் ஓதறாங்க.

மொதல் மாசம் காகிதத்துல ஏரோப்ளேன் செய்யச் சொன்னீங்களே. எதுக்காக இங்கிலீஷ் படிக்கறோம்னு அதுல எழுதி செவுத்துல ஒட்டினோம். டிரைவர் அண்ணன் ஏர்போர்ட் சவாரி புடிக்கன்னு எழுதினாரு. ஆஸ்பத்திரில வேலை பாக்கற அக்கா, டாக்டருங்க தன்னப் பத்தி என்ன பேசிக்கறாங்கன்னு தெரியணும்னாங்க. நான் புருஷன்கிட்ட போகன்னு எழுதினேன். எல்லாரும் கை தட்டினாங்க. அதுக்கப்புறம் நான் கொஞ்சம் சோந்து உக்காந்தாப் போதும், நீங்க வெரல நீட்டி அந்த ஏரோப்ளேனக் காட்டுவீங்க. உற்சாகம் வரணும்னுதான் காட்டறீங்க. நீங்க காட்டக் காட்ட நான் குனிஞ்சு நோட்டப் பொரட்டுவேன்.

இருங்க, நூல் ஜிப்புப் பல்லுல மாட்டிக்கிச்சு.

ஒண்ணு சொல்றேன், வெளிய விடாதீங்க. டிரைவர் அண்ணன் வகுப்புல பொரிஞ்சு தள்ளுவாரே, அவரு பக்கத்துல யாரு உக்காந்திருந்தா? ம். நாந்தான். நீங்க கேள்வி கேப்பீங்க, நான் ஒதட்ட அசைக்காம சொல்லுவேன், அவரு கத்துவாரு. நீங்க அவரு முதுகத் தட்டிட்டு என்னப் பாத்து ஒரு பெருமூச்சு விடுவீங்க.

தெரியும் டீச்சர். எல்லாம் தெரியும். ரெண்டு பரீட்சையும் தெரிஞ்சேதான் தப்பா எழுதினேன். அது ஒண்ணும் லேசு இல்ல. தப்பா எழுதறதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும். குருட்டாம்போக்குல குறிச்சா நாலஞ்சு சரியாப் போய்த் தொலைக்கும், அப்புறம் வம்பு.

இந்தாங்க, தண்ணி குடிங்க.

அவரு கெட்டவரு இல்ல. குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. முந்தின வருஷம் டூரிஸ்ட் விசால மூணு மாசத்துக்குன்னு என்னக் கூட்டிட்டுப் போனாரு. ஏழாவது மாடி. காலையில வேலைக்குப் போறப்ப வெளியில பூட்டிட்டுப் போவாரு. பாஷை தெரியாதவ, எங்கயாவது போய் மாட்டிக்குவேனாம். ஒரு சாவி குடுங்கன்னேன். உனக்கு எதுக்குன்னாரு. கொஞ்ச நாள்ல எனக்கும் பழகிப் போச்சு. பழகினதுதான் டீச்சர் இப்ப நெனச்சா பயமா இருக்கு.

ஒரு நாள் அடுப்புல எண்ணெய் பத்திக்கிச்சு. பதட்டத்துல தண்ணிய ஊத்திட்டேன், குபீர்னு மேல பாஞ்சுது. இந்தக் கைதான், பாருங்க. ஒரே பொகை. ஜன்னலு கையளவுக்கு மேல தொறக்காது. கதவப் போட்டு இடிக்கறேன். வெளியில ஆளுங்க வந்துட்டாங்க. ஒரு பொம்பளக் கொரலு திரும்பத் திரும்ப என்னமோ கேக்குது. உள்ளேர்ந்து தொறன்னு சொல்றா போல. அங்கெல்லாம் பூட்டு கதவுக்குள்ளயே பொதஞ்சிருக்கும், வெளியிலேர்ந்து பூட்டினதுன்னு அங்க நிக்கறவளுக்கு என்ன தெரியும்? என்கிட்ட சாவி இல்லன்னு சொல்லத் தெரியாம நான் அழறேன். கடைசில ஒடச்சுத்தான் தொறந்தாங்க.

அவரு வந்தாரு. கதவப் பாத்தாரு, கரி புடிச்ச செவுத்தப் பாத்தாரு. வீட்டு ஓனருக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னாரு. அடுத்த நாளே புதுக் கதவு வந்துது. புதுப் பூட்டு. காலையில மறுபடி வெளியில பூட்டிட்டுத்தான் போனாரு.

மொதல் நாள் உங்ககிட்ட கேட்டேனே, கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்குன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு. ஓட்டல்ல தங்கினா உதவும்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்தீங்க. பஸ்ல வீடு வரைக்கும் அதையேதான் முணுமுணுத்துக்கிட்டு வந்தேன். பக்கத்துல இருந்த அம்மா ஏதோ மந்திரம்னு நெனச்சிட்டாங்க.

போகலைன்னு சொல்லிடலாமேன்னா? சொல்லிப் பாருங்களேன் எங்க அண்ணன்கிட்ட. கை நெறைய சம்பாதிக்கற மாப்பிள்ள, ஒரு கெட்ட பழக்கம் உண்டா, பத்திரத்துக்குப் பூட்டினது ஒரு குத்தமாம்பான். அம்மா ஒப்பாரி வைக்கும். வாழத் தெரியாதவ, திமிரு புடிச்சவன்னு பேரு வரும். மண்டையில ஏறலன்னா யாரு என்ன சொல்ல முடியும்? ஐயோ பாவம்னுடுவாங்க. அவரும் மக்குன்னு திட்டிட்டு போன வச்சுருவாரு. மக்கா இருக்கறதுல எவ்வளவு நிம்மதி இருக்கு தெரியுமா?

அத நானே கெடுத்துக்கிட்டேன். அன்னிக்கு பந்து என் கையில விழுந்துது, நீங்க உங்க வேலையப் பத்திச் சொல்லுங்கன்னீங்க. மெஷினு, நூலு, கஸ்டமருன்னு யோசிக்காம கடகடன்னு சொல்லிட்டேன். வாட்ச்மேன் தாத்தாவே முழிச்சுப் பாத்தாரு. எவ்வளவு நல்லா இருந்துது தெரியுமா பேசறப்ப? நீங்க சந்தோஷம் தாங்காம அவருக்கே போன் போட்டு, இந்தத் தடவ நிச்சயம்னு சொல்லிட்டீங்க. நல்ல மனசோடதான். அவரு அன்னிக்கே கடையக் காலி பண்ணுன்னுட்டாரு. இப்ப ஃபெயிலானா வேணும்னே செஞ்சேன்னு கண்டுபுடிச்சுருவாரு. பரீட்சைக்கே போகலைன்னா எங்க அண்ணன அனுப்புவாரு.

அதனாலதான் நீங்க வந்தது நல்லதாப் போச்சு. அழாதீங்க டீச்சர், கடைக்கு ஆளு வரும். நீங்க சொல்லித் தர்றதுல ஒரு கொறையும் இல்ல. இந்தத் தடவயும் போய் ஃபெயிலாயிட்டு வர்றேன், அதுக்கப்புறமும் வகுப்புக்கு வரலாமில்ல? கடைசி பெஞ்சு போதும்.

இந்தா, போன் அடிக்குது. அவருதான். கடையிலதான் இருக்கேனான்னு தெனம் இந்நேரத்துக்குக் கூப்புடுவாரு. வீடியோல. நீங்களே எடுங்க. அன்னிக்கு ஏதோ மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிட்டா சார், நாந்தான் ஏமாந்துட்டேன், இவளுக்கு ஏறாதுன்னு சொல்லுங்க.

கொஞ்சம் சலிச்சுக்கிட்டே சொல்லுங்க டீச்சர். அப்பத்தான் நம்புவாரு.