எந்தக் கிண்ணத்தில் மருந்து

எங்கள் வீட்டில் காலைக் காபி நான்தான் போடுவேன். கல்யாணமான பன்னிரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், சாய்நாத் மாதிரிப் புருஷன் கிடைக்க மதுவந்தி கொடுத்துவைத்தவள் என்பார்கள். நீல நோட்டு உங்கள் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக அதெல்லாம் பொய்யாகிவிடாது. ஆராய்ச்சிக்கூடத்தின் விசாரணைக் குழு கேட்பதால் எழுதித் தருகிறேன்.

அடையாறில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். கொழுப்பைக் குறைக்கும் புது மாத்திரை அப்போதுதான் இங்கே கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. எல்லோரும் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு இறங்கியது என்று பார்த்துக்கொண்டிருக்க, மதுவந்திக்கு மட்டும் வேறு கேள்வி. ரத்தக்குழாயின் சுவரில் தசைச் செல்கள் இருக்கின்றன. குழாயை இறுக்குவதும் தளர்த்துவதும் அவைதான். மருந்து அவற்றை என்ன செய்கிறது? கறிக்கடை வலியுல்லா பாயிடமிருந்து ஐஸில் வைத்து வாங்கிவந்த ஆட்டு ரத்தக்குழாயிலிருந்து செல்களைப் பிரித்து வளர்த்தாள். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு செல்லையும் மெதுவாக உறிஞ்சிப் பார்த்தாள். விறைப்பான செல் கொஞ்சம்தான் உள்ளே வரும், மெத்தென்றது அதிகம் வரும். மருந்தில் இரண்டு நாள் இருந்த செல்கள் விறைப்பில் பாதியை இழந்திருந்தன. அது தொண்ணூற்றைந்து மார்ச்.

இயக்குநர் அய்யாதுரை என்னை வைத்துக்கொண்டே சொன்னார். "இது இதுவரைக்கும் யாரும் பாக்காத விஷயம்மா. பாஸ்டன்ல ஆராய்ச்சிக்கு நிச்சயம் கூப்பிடுவான். போயிட்டு வா." பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டை நீங்க பாத்துக்குவீங்கல்ல சாய்?" என்றார்.

அவளைவிட எனக்கு நான்கு வயது கூட. ஆறு வருஷமாக என் கட்டுரை ஒன்றுகூட அச்சேறவில்லை. சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். உள்ளே இருந்தது பொறாமைதான், வேறு பெயர் சொல்லி அதை மறைக்க நான் விரும்பவில்லை.

வழியை அவளேதான் காட்டிக்கொடுத்தாள். "எதை எதிர்பார்க்கறோமோ அதைத்தான் கண்ணு பாக்கும். எந்தக் கிண்ணத்துல மருந்துன்னு எனக்குத் தெரியப்படாது. நீங்க மருந்தை விட்டு மேல குறி போட்டு வையுங்கோ. அளந்து முடிச்சப்புறம் சொன்னா போறும்." நல்ல கூடங்களில் அப்படித்தான் செய்வார்கள். வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். "ஆத்துக்காரரைவிட யாரை நம்பறது?" என்றாள்.

நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. தினம் இரண்டு கிண்ணம். ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் திரவம். ஒன்றின் மேல் வட்டம், மற்றதன் மேல் சதுரம். ஐந்து நாளில் இரண்டு நாள், அவள் அளந்து முடித்துச் சாயங்காலம் கேட்கும்போது மாற்றிச் சொன்னேன். உண்மையை நீல நோட்டில் தேதி போட்டு ஒழுங்காக எழுதி வைத்தேன். விஞ்ஞானத்துக்கு நான் துரோகம் செய்ததில்லை.

ஜூலைக்குள் அவள் குழம்பிப்போனாள். ஒரு நாள் மருந்து செல்லைத் தளர்த்தியது, மறுநாள் விறைக்கவைத்தது. ஞாயிற்றுக்கிழமையும் டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் அளந்தாள். ஒரு நாள் தோளைத் தொட்டுக் கேட்டேன். "கிண்ணத்தை நீயே மாத்தி எடுத்து வெச்சுடறியோ மது? நேத்திக்கு நான் பார்த்தேனே." நான் எதையும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு கிண்ணத்தையும் பத்துத் தடவை சரிபார்த்தாள். வீட்டுப் பூட்டையும் இழுத்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

அக்டோபரில் ஆழ்வார்பேட்டையில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மழை. என் ரெயின்கோட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் நனைந்துகொண்டு ஸ்கூட்டர் ஓட்டினேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். சிலருக்கு அதனால் கை நடுங்கலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவளிடம் நான் சொல்லவில்லை. கை நடுங்கியது. கண்ணாடிக் குழாய் ஒன்றுக்குப்பின் ஒன்றாக உடைந்தது. பாஸ்டன் நின்றுபோயிற்று. ராஜினாமாக் கடிதத்தை நானே டைப் அடித்தேன்.

அதோடு பொறாமை தீர்ந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அவள் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட, உள்ளே என்ன யோசிக்கிறாளோ என்று எனக்கு எரியும்.

போன வருஷம் அதே முடிவு ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் யார் பெயரிலோ வந்தது. அய்யாதுரை அவளுக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பிவிட்டார். அவள் இரண்டு தடவை படித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து காத்திருந்தேன். பிடிபட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"ஏன்னா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கப்படாது" என்றாள். "எப்பவும் ஒரு கிண்ணம் மெத்துன்னும் ஒண்ணு விறைப்பாவுந்தானே இருந்தது? எது மருந்துங்கறதுதானே மாறித்து? நீங்கதான் மாத்திச் சொல்றேளோன்னு எனக்கு அப்பவே ஒரு நாள் தோணித்து. ஆத்துக்காரர் மேலயே சந்தேகம் வரதே, நமக்கு நிஜமாவே புத்தி பிசகிடுத்துன்னு பயந்துதான் டாக்டர்கிட்ட வர ஒத்துண்டேன். இன்னிக்கு மறுபடியும் அப்படியே தோணறது. மாத்திரையை இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்றேளா?"

மறுநாளே டாக்டரிடம் சொல்லி ஏற்றினேன்.

இப்படியெல்லாம் நினைத்ததற்காக அவள் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். நான் மனதில் எதையும் வைத்துக்கொள்கிறவன் இல்லை. மன்னித்துவிட்டேன்.