பத்து சென்ட் ராஜ்ஜியம்

இல்ல சார், நான் சத்தம் போடல. என் தொண்டையே இப்பிடித்தான். நீங்க தல்லாகுளத்துல சபைத் தலைமை ஆபீசுல ஃபேனுக்குக் கீழ உக்காந்து பேசிப் பழகுனவுக. நான் மில்லுக்காரர் பொண்டாட்டி. முப்பது வருசம் மெசினுகிட்ட நின்னு காது அடைச்சுப்போன மனுசன்கிட்டப் பேசிப் பேசி இப்பிடி ஆயிருச்சு. உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், ஆனா விழாது.

ஆமா, அந்தப் புகார்க் கார்டெல்லாம் நான் போட்டதுதான். எனக்கு எழுத வராது. பக்கத்து வீட்டுப் பிள்ள எழுதுச்சு, நான் சொன்னேன். நாலு கார்டு. மாசியில செத்த மனுசனுக்கு ஆடி முடியப்போகுது, இப்பத்தான் விசாரணைக்கு வாரீக. அதுவும் சமயநல்லூர்ல பஸ்ஸ விட்டு எறங்கி இந்த வெயில்ல நடந்து வந்திருக்கீக, அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல.

என் பேரா? உங்க ரெஜிஸ்டர்ல சாராள்னு இருக்கும். ஊருக்குள்ள ஒச்சாயின்னு கேட்டாத்தான் கை காட்டுவாக. அவரு வெள்ளைத்துரை. ஞானஸ்நானப் பேரு ஒன்னு இருந்துச்சு. அதச் சொல்லி யாரும் அவரக் கூப்பிட்டதில்ல, கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாரு.

குடிச்சாரு சார். அத ஏன் இப்பிடிச் சுத்தி வளைச்சுக் கேக்குறீக? மதுவிலக்கு இருந்தப்ப கருவேலங்காட்டுக்குள்ள ஒளிஞ்சு போய்க் குடிச்சாரு. போன வருசம் கவர்மெண்டே கடையத் தெறந்து விட்டுச்சா, அதுக்குப் பொறவு ரோட்டுமேல நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போய்க் குடிச்சாரு. சோத்துப் பானைய முத்தத்துல தூக்கி எறிஞ்சிருக்காரு. நான் அடி வாங்கியிருக்கேன். எழுதிக்கங்க, அதையும் சேத்தே எழுதிக்கங்க. அந்தாளு மேல உள்ள கோவம் எனக்கு இன்னும் ஆறல. ஆனா அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. பாஸ்டருக்கு அதுல என்ன பங்கு?

பாஸ்டரு வந்து ரெண்டு வருசம் ஆச்சு. மொத வருசம் நல்லாத்தான் இருந்தாரு. கடை தொறந்தாகளா, அன்னையிலருந்து ஞாயித்துக்கிழம தவறாம இதே பிரசங்கந்தான். வேதத்துல மதுவே கெடையாது, கர்த்தர் கானா ஊர்க் கல்யாணத்துல ஆறு சாடித் தண்ணிய என்னவா மாத்துனாரு, சாறாவா, மதுவாவா? திராட்சரசம்னுதான போட்டிருக்கு, ரசம்னா சாறு, வேதத்த எழுத்துக்கு எழுத்து அப்பிடியே எடுத்துக்கணும், நம்ம புத்திய அதுல கலக்கக்கூடாதுன்னாரு. சபையில எல்லாரும் ஆமென் ஆமென்னாக. எங்காளு எந்திரிச்சு நின்னுட்டாரு.

அவரு பள்ளிக்கூடம் போகாதவரு சார். எழுத்துக் கூட்டிப் படிச்சது அந்த ஒரு புஸ்தகத்த வச்சுத்தான். அதனால அதுல எந்த வார்த்தை எங்கன கெடக்குன்னு அவருக்கு அத்துபடி. பாஸ்டரய்யா, பேழை செஞ்சாரே நோவா, அவரு தோட்டம் போட்டு என்னத்தக் குடிச்சிட்டுத் துணி வெலகுனது தெரியாமக் கெடந்தாரு? அங்கயும் இதே திராட்சரசம்னுதான போட்டிருக்குன்னு கேட்டாரு. பாஸ்டரு, அது புளிச்ச சாறு, இது புதுச் சாறுன்னாரு. எங்காளு விடல. வார்த்தை ஒன்னு, எழுத்து ஒன்னு. அசிங்கப்பட்டவரு குடிச்சா மது, கர்த்தர் கொடுத்தாச் சாறா? நீங்கதான் இப்பப் புத்தியக் கலக்குறீகன்னாரு. பாதிச் சபை சிரிச்சிருச்சு. பாஸ்டர் மூஞ்சி சுண்டிப்போச்சு. எல்லாத்துக்கும் வெத அங்கதான் விழுந்துச்சு. குடிகாரன்னு இல்ல, எதுத்துக் கேட்டாருன்னுதான். இந்தச் சபையில குடிக்கிறவுக அவரு ஒருத்தரா?

அதுக்காக அவரு பெரிய நியாயஸ்தர்னு நான் சொல்ல வரல. அன்னைக்கு வாதாடி ஜெயிச்சிட்டேன்னு அந்த வாரம் முச்சூடும் கூடக் குடிச்சாரு. வேதத்துல பவுலு, வயித்துக்கோளாறு உள்ள ஒருத்தருக்கு எழுதியிருக்காராமே, வெறும் தண்ணியே குடிக்காத, கொஞ்சம் ரசமும் சேத்துக்கன்னு. சாயங்காலமானா எனக்கு அத வாசிச்சுக் காட்டிட்டுத்தான் செருப்ப மாட்டுவாரு. கொஞ்சம்னு போட்டிருக்குல்ல, அந்த வார்த்தை வந்தா மட்டும் அவருக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு பேருமே எழுத்துக்கு எழுத்து வாசிக்கிறவுகதான் சார். தனக்கு வேண்டிய எழுத்த மட்டும்.

இதுல வேடிக்க என்னன்னா, ரசம் என்னன்னு ரெண்டு ஆம்பளைகளும் மல்லுக்கு நின்னாக, அத இருவத்திரெண்டு வருசமா வடிச்சு ஊத்துறவ நானு. மாசாமாசம் மொத ஞாயித்துக்கிழம ராப்போஜனத்துக்கு, கர்த்தரோட ரத்தம்னு ஆளுக்கொரு மொடக்குக் குடிக்கிறாகளே, அந்தக் கிண்ணத்துல இருக்கிறது என் அடுப்படியிலருந்து போனது. என்னைய ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல.

சிரிக்காதீக, ஒன்னு சொல்றேன். நான் கருப்பு கும்புடுற வீட்டுல பெறந்தவ. கல்யாணம் கட்டித்தான் வேதத்துக்கு வந்தேன். வந்த புதுசுல மாமியா, ஒச்சாயி, நாளைக்குக் கோயிலுக்குத் திராட்சரசம் வைக்கணும், பழத்த வாங்கி வச்சிருக்கேன்னு சொல்லிட்டு எங்கிட்டோ போயிருச்சு. எனக்கு ரசம்னா சோத்துல ஊத்துற ரசந்தான் தெரியும். பழத்தக் கரைச்சு, மிளகு சீரகம் தட்டிப்போட்டு, கடுகு தாளிச்சு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு எறக்கி வச்சுட்டேன். மாமியா வந்து மூடியத் தெறந்து பாத்துச்சு. அடிக்கல. உக்காந்து அழுதுருச்சு. எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கிட்டா இதான் கதின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.

பொறவு பழகிட்டேன். பன்னீர் திராட்சை ரெண்டு கிலோ மதுரையிலருந்து வரும். நல்லாப் பெசைஞ்சு, சீனி போட்டு, சின்னத் தீயில மூணு கொதி விட்டு, ஆறுன பொறவு மல்லுத்துணியில வடிகட்டணும். அந்தக் கொதிதான் முக்கியம். இல்லேன்னா நம்ம ஊரு சூட்டுக்கு மறுநாளே நுரை கட்டிரும், மூணாம் நாள் பாட்டில் மூடியத் தூக்கி எறிஞ்சிரும். அத யாரும் மதுவா ஆக்க வேணாம், சும்மா விட்டாப் போதும், தானா ஆயிரும். சாறாவே நிறுத்தி வைக்கிறதுதான் பெரும்பாடு.

பாஸ்டரு வீட்டு ஜெபத்துக்கு வந்தப்ப இதத்தான் கேட்டேன். மரியாதையாத்தான் கேட்டேன். கர்த்தர் பெறந்த ஊரும் வெயிலூரு தானாமே. அங்க வருசத்துல ஒருக்காத்தான் பழம் பறிப்பாகளாம், கர்த்தர் கடைசி ராப்போஜனம் கொடுத்த பஸ்கா பண்டிக அதுக்கு ஏழெட்டு மாசம் கழிச்சு வருதாம், நீங்கதான் ஓய்வுநாள் வகுப்புல சொன்னீக. அம்புட்டு நாளா அந்தச் சாறு எப்பிடிங்கய்யா சாறாவே இருந்துச்சு, அங்க யாரு கொதிக்க வச்சான்னேன். அவரு என் மூஞ்சியக் கூடப் பாக்கல. சபையில ஸ்திரீகள் பேசக்கூடாதுன்னு எழுதியிருக்கு அம்மான்னாரு. இது சபை இல்லய்யா, என் அடுப்படின்னு சொன்னேன். அதோட எங்க வீட்டு ஜெபம் நின்னு போச்சு.

சரி, சரி, செத்தன்னைக்கு நடந்ததுக்கு வாரேன். காமாலை சார். பதினெட்டு நாள் அந்தக் கட்டில்லதான் கெடந்தாரு. கடைசிப் பதினோரு நாளு ஒரு சொட்டுக் குடிக்கல. குடிக்க முடியாமத்தான், மனசு திருந்தின்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழம காலையில உசிரு போச்சு. பெட்டியத் தூக்கிக்கிட்டுப் பதினோரு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போறோம், கேட்டுல பூட்டு. பாஸ்டரு சாவிய ஜிப்பாப் பையில போட்டுக்கிட்டு முன்னால நிக்கிறாரு. குடிகாரங்களுக்குத் தேவனோட ராஜ்ஜியத்துல பங்கு இல்லேன்னு எழுதியிருக்கு, எழுத்த மீறி நான் தெறக்க மாட்டேன்னுட்டாரு.

நீங்க படிச்சவுக, நீங்க சொல்லுங்க. ராஜ்ஜியத்துல பங்கு இல்லேன்னுதான போட்டிருக்கு? ராஜ்ஜியம்னா மோட்சம். அங்க விடுறதும் விடாததும் மேல இருக்கிறவரு பாடு. ஓடைப் பக்கம் பத்து சென்ட்டு, சுத்தி முள்ளு, உள்ள ஆடு மேயுது, அதுவா ராஜ்ஜியம்? இவரு அதுக்குக் காவக்காரரா? அவரோட அப்பனும் ஆத்தாளும் அங்கதான சார் கெடக்காக. அவுக காலடியில ஆறடி கேட்டேன்.

மூணு மணி வரைக்கும் பெட்டி வெயில்ல கெடந்துச்சு. கமிட்டியில உள்ளவுக ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு நின்னாக. கண்ணுச்சாமி வாத்தியாரு சபைச் செயலாளரு, அவரும் கொடைய விரிச்சுக்கிட்டு அவுக கூடத்தான் நின்னாரு. எங்காளோட பங்காளிக வேதத்துக்கு வராதவுக, அவுக சுடுகாட்டுக்குக் கேட்டு ஆள் விட்டேன். வேதக்காரனுக்கு இங்க எடமில்லன்னுட்டாக. கடைசியில என் தம்பி பேயாண்டிதான் கண்மாய்க்கரையில குழி வெட்டுனான். ஜெபம் கெடையாது, பாட்டு கெடையாது. மண்ணள்ளிப் போட்டுட்டு வந்தோம்.

கண்மாய்க்கரைன்னா கரைமேலன்னு நெனைச்சுராதீக. உள்வாயில. ஐப்பசி மழைக்குத் தண்ணி ஏறுனா அவரு மேல ஆள் மட்டத்துக்கு நிக்கும். அதுக்கு முன்னாடி அவர எடுத்து அவுக அப்பன் ஆத்தா பக்கத்துல வைக்கணும். நான் கேக்குறது அம்புட்டுத்தான். ஆபீசுலருந்து ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க.

விதியா? காட்டுங்க. எனக்கு வாசிக்கத் தெரியாது, நீங்களே வாசிங்க. ம். மதுபானம் உட்கொள்வோர்க்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கலாம். மறுக்கலாம்னு இருக்கா, மறுக்கணும்னு இருக்கா? மறுக்கலாம்தான? அப்ப அது பாஸ்டரு மனசு. பாஸ்டரு மனசு எனக்குத் தெரியும். அதனால நீங்களும் கையக் கட்டிக்கிட்டீக. மது குடிச்சவன் எவனா இருந்தாலும் விதி ஒன்னுதாம்மாங்கிறீக. நல்லது. அந்த வார்த்தையை அப்பிடியே எழுதிட்டீகளா? எவனா இருந்தாலும்னு எழுதுங்க.

எழுதியாச்சா? சரி, அதுக்குக் கீழ இதையும் போட்டுக்கங்க. பங்குனியிலருந்து நான் ரசத்தக் கொதிக்க வைக்கல.

ஆமா. அவரப் பொதைச்ச ஒன்பதாம் நாளு, ராப்போஜனத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல இருக்கையிலயே, எப்பவும் போலத் திராட்சைப் பையக் கொடுத்து விட்டாக. கேட்டப் பூட்டுனவுகளுக்குக் கிண்ணத்துக்கு ரசம் மட்டும் என்கிட்டருந்து வரணும். வேற எவளும் அந்த வேலைய ஏத்துக்கல. வாங்கிப் பெசைஞ்சேன், சீனி போட்டேன், ஜாடியில ஊத்தித் துணியக் கட்டி மூலையில வச்சுட்டேன். அடுப்பப் பத்த வைக்கல. அம்புட்டுத்தான் நான் செஞ்சது. மத்ததெல்லாம் அதுவே செஞ்சுக்கிருச்சு. அதுக்குப் பொறவு மாசத்துக்கு ஒரு ஜாடி. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. நூத்திப் பதினாலு பேரு முழங்கால் போட்டுக் குடிச்சிருக்காக. மீந்ததக் கீழ ஊத்தக்கூடாதுன்னு பாஸ்டரு கிண்ணத்தச் சாச்சு முழுசாக் குடிச்சு முடிப்பாரு. அவருக்கு வித்தியாசம் தெரியல, பாவம், வாயில வச்சே பழகாத மனுசன். வரவர ரசம் நல்லா வருதும்மான்னாரு. கண்ணுச்சாமி வாத்தியாரு மட்டும் மொத தடவையே என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அவருக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சுன்னு நான் கேக்கல, அவரும் யார்கிட்டயும் சொல்லல.

ஏன் சார் பேனாவ மூடுறீக? ஆனி மாசம் பிரசங்கத்துக்கு நீங்களுந்தான வந்தீக. ஒரு மொடக்குக் குடிக்கிற எடத்துல ரெண்டு மொடக்குக் குடிச்சீக, நான் பின் பெஞ்சுலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இப்பச் சொல்லுங்க சார், எங்க வீட்டுக்காரரு உள்ள வாராரா, இல்ல நீங்க அம்புட்டுப் பேரும் வெளிய வாரீகளா?