இடது ஓரம்

வடசென்னையில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குத்தான் என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள், சார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஐஸ்மேல் ஹாக்கி ஆடலாம் என்பது எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

என் பெயர் நீலமேகம். எர்ணாவூர் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சக்கர ஸ்கேட்டில் ஹாக்கி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில், கடலோரமாக, திறந்த மைதானத்தில் ஐஸ் தளம் போட்டு வாராவாரம் நேரலையில் ஆட்டம் காட்ட ஒரு டிவி சேனல் முன்வந்தது. அடியில் குழாய்கள், அவற்றில் உறைகுளிர் உப்புத் தண்ணீர். பிள்ளைகள் முதல்முறை அதன்மேல் சறுக்கிப் போனதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் யாரும் பார்க்கவில்லை. மைதானத்தில் பெற்றோர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் அதுவும் இல்லை.

"புதுசா ரசிகர்கள் வரலைன்னா நிறுத்திடுவாங்க மாஸ்டர். என் கையில எதுவும் இல்ல" என்றாள் தயாரிப்பாளர் கிறிஸ்டினா. நல்ல பெண். அவளுக்கு எதுவும் தெரியாது.

நான் சும்மா இருக்கவில்லை, சார். டீக்கடை டீக்கடையாக நோட்டீஸ் கொடுத்தேன். காசிமேட்டு ஏலத்தில் நின்று விதிகளை விளக்கினேன். "ஐஸ் மேல இன்னா நைனா ஆட்டம், கால் வெறச்சிப்பூடும்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு ஆட்டத்தில் எதிரணிப் பையன் தடுப்புப் பலகையில் மோதி நெற்றி கிழிந்தது. வெள்ளைத் தளத்தில் ரத்தம். அந்தக் காட்சி எல்லோர் போனிலும் ஓடியது. அடுத்த வாரம் நிற்க இடமில்லை. அதற்கடுத்த வாரம் யாருக்கும் அடிபடவில்லை. கூட்டம் பாதியிலேயே எழுந்து போய்விட்டது.

"இன்னும் ஒரு ஆட்டம்தான் மாஸ்டர்" என்றாள் கிறிஸ்டினா.

நிதானமாகத்தான் யோசித்தேன். முகம் தெரியாதவன் விழுந்தால் அன்றோடு மறந்துவிடுவார்கள். பிடித்தவன் விழ வேண்டும். எங்கள் அணியின் விமலை எல்லோருக்கும் பிடிக்கும். அவன் ஆடும் நாளில் அப்பா சுப்புராயன் கடலுக்குப் போகாமல் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது இடது ஓரத்துக் குழாயின் வால்வை மூடினேன். மீதியை வெயில் பார்த்துக்கொண்டது. பார்வைக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பக்கத்துப் பலகையிலிருந்து ஸ்பாஞ்சு மெத்தையையும் கழற்றினேன். கேட்டவர்களிடம், விளம்பரத்தை மறைக்கிறது என்றேன்.

விமல் கெட்டிக்காரன். ஆட்டத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டான். "மாஸ்டரு, அந்த ஓரத்துல ஐஸ் மெத்துன்னு கீது. ஸ்கேட்டு மாட்டுது."

"வேகமாப் போனா தெரியாதுடா."

"நீ சொன்னா கரீட்டு மாஸ்டரு."

பாதி ஆட்டத்துக்குப் பிறகு அவனை இடது ஓரத்துக்கு மாற்றினேன். பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வில்லையைத் துரத்திக்கொண்டு முழு வேகத்தில் போனான். ஸ்கேட் புதைந்தது. தலை பலகையில் மோதிய சத்தம் நேரலையிலேயே கேட்டது.

சுப்புராயன் வெறுங்காலோடு ஐஸ்மேல் ஓடிவந்தார். வழுக்கி வழுக்கி விழுந்தார். கடைசியில் தவழ்ந்தே மகனிடம் போனார். "கண்ணத் தொறடா, நைனா வந்துகீறேன் பாரு." கேமராவை அவர் பக்கம் திருப்பச் சொன்னேன். கிறிஸ்டினா முடியாது என்றாள். கேமராக்காரனும் கையை எடுத்துவிட்டான். நானே திருப்பினேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. கழுத்து முறிந்திருந்ததாம்.

ஊர்வலத்தைப் பார்த்திருப்பீர்கள். தண்டையார்பேட்டையிலிருந்துகூட வந்திருந்தார்கள். ஐஸ் ஹாக்கி என்ற பேரையே கேட்டிராத சனங்கள். மறுநாளே எர்ணாவூர்த் தெருக்களில் சின்னப் பிள்ளைகள் பிளைவுட் மட்டையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆமாம் சார், விமலைக் கொன்றது நான்தான். யாரும் எனக்கு உதவவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவன் இடத்தில் கீர்த்தி ஆடப்போகிறாள். அவளையும் சனங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஒரு சாயங்காலத்துக்கு என்னை மைதானத்துக்கு அனுப்பினால் போதும். பிறகு புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோங்கள்.