வால்டரின் கை

தேநீரில் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர். தொண்டைக்கு ஆகாது.

வானொலியில் படகுப் போட்டி வர்ணனை செய்துகொண்டிருந்த என்னைத் தியேட்டர்களில் ஓடும் செய்திப்படத்துக்கு அழைத்து வந்தவன் வால்டர் ஹெப்பிள்தான். படத்தை வெட்டி ஒட்டுவது அவன், குரல் கொடுப்பது நான். வாரத்துக்கு இரண்டு படம். எழுதி வைத்த தாளிலிருந்து நான் கண்ணை எடுக்க முடியாது. அதனால் திரையை அவன் பார்ப்பான். காட்சி மாறும்போது பின்னால் நின்று என் தோளில் தட்டுவான். நான் அடுத்த வரிக்குப் போவேன். ஒன்பது வருடம் அப்படித்தான். மன்னரின் இறுதி ஊர்வலத்துக்குப் பேசியபோது எனக்குக் குரல் உடைந்தது. அன்று அந்தக் கை தோளைவிட்டு எழவே இல்லை. என் மனைவிக்குக்கூட என்னை அவ்வளவு தெரியாது.

போன செவ்வாய் மதியம் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் நாற்காலியில் டெரிக் என்று ஒரு புதியவன், இருபத்தாறு வயது இருக்கும். அவன் தோளில் வால்டரின் கை.

வால்டர் தன் வெட்டும் அறைக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்து உள்ளே போனேன்.

"என்னப்பா வால்டர், புதுக் குரலா?"

"சும்மா ஒரு சோதனைடா ஆப்ரி. மேல கேட்டாங்க."

"அவன் பேரைச் சொன்னது யாரு?"

கத்தரியைக் கீழே வைத்தான். "நான்தான். கோவிச்சுக்காத. நீ பேசினா இப்பல்லாம் தியேட்டர்ல சிரிக்கிறாங்க. பிஷப்பு குதிரைப் பந்தயத்துக்குப் பிரசங்கம் பண்ற மாதிரி இருக்காம்."

நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொல்லியிருந்தான்.

அந்த அறையில் யாரும் புகைப்பதில்லை. பொறி பட்டால் படச்சுருள் வெடிமருந்து மாதிரி பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. கதவோரக் கூடை நிறைய வெட்டிப்போட்ட துண்டுகள். அவன் வேலைக்குத் திரும்பி முதுகைக் காட்டியதும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து அதில் போட்டேன். வெளியே வந்து கதவைப் பூட்டினேன். சாவி எப்போதும் வெளிப்பக்கத்தில்தான் இருக்கும்.

கொலை என்று எழுதுகிறீர்கள். அந்தச் சொல் பொருந்துமா என்று யோசியுங்கள். நான் ஓடிப்போகவில்லை. சூடு தாங்கிய மட்டும் சாவியைப் பிடித்தபடியேதான் நின்றேன். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திறந்திருப்பேன். அவன் என் பெயரையேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.