பஞ்சாலை என்னும் பிள்ளையின் நெஞ்சை வடித்த அகதா மிஸ்ஸிக்கு

அன்பே அணியாக, பொறுமையே பொன்னாகப் பூண்டவரே! மருந்தில்லா நாளிலும் மனந்தளராத தாதியர் திலகமே! கல்லுமலை ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியின் கண்ணே, எங்கள் அகதா மிஸ்ஸி அவர்களே!

ஒரே பிள்ளை, ஒரே நெஞ்சு, ஒரே கஷாயம். அப்பன் கையில் அடைத்துக் கிடந்த சளி, தங்கள் கையில் மட்டும் எப்படிக் கழன்று வந்தது? இங்கே மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் நம் டிரஸ்ஸர் திருநாவுக்கரசுக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. தங்களைப் பொறாமை இல்லாமல் பாராட்ட எங்களில் எவருக்கும் தெரியாது என்றாலும், அவர் பட்ட பொறாமை தனிரகம். அவர் சம்மதத்தோடு, அவரை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டே இதை வாசிக்கிறோம்.

அவர் மகள் பஞ்சாலைக்கு ஆறு வயது. பால்குடி நாளிலிருந்தே இருமல். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. வேர்த்தால் நெற்றியில் வெள்ளையாய் உப்புப் பூக்கும். அவள் சளி மற்றப் பிள்ளைகளின் சளி போல நீர்த்ததல்ல. கிழங்குக் கஞ்சி போலக் கெட்டி. அது நுரையீரலின் அடியில் தங்க, அதில் கிருமி பெருக, காய்ச்சல் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை இருந்தது. ஜப்பான்காரன் வந்தபின் புட்டியும் காலி, அலமாரியும் காலி. அடுத்த காய்ச்சலைப் பிள்ளை தாங்குமா என்பதுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

வார்டில் தங்களோடு இருந்த நாட்களில் அவள் நெஞ்சு தெளிந்திருக்கும். வீட்டுக்குப் போனால் மறுநாளே கர்கர் என்னும். அவரும் ஆவி பிடித்தார், தூதுவளை கொடுத்தார், தைலம் தேய்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. அதற்குமேல் பிள்ளை வேறு வாயைத் திறந்துவிட்டது.

"மிஸ்ஸி கைதான்பா நல்ல கை. ஒங்க கை வெறும் கை."

டிரஸ்ஸர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "இனிமே அங்க போகவேணாம். என் புள்ளைய நான் பாத்துக்குவேன்லா" என்று தடுத்துவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது, உதடு நீலம் பூத்தது. அவர் மனைவி வள்ளியம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"என்னாங்க, மருந்துதான் இல்ல. ஒங்க பொறாமையக் கரைச்சா புள்ள நெஞ்சுல ஊத்தப் போறீங்க?"

கேட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே தங்களிடம் வந்தார். தாங்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டீர்கள். வெந்நீர் வைத்தீர்கள்.

அந்த வாரந்தான் தாங்கள் ஓய்வு பெறும் செய்தியும் வந்தது. டிரஸ்ஸர் அதைக் கேட்டு முதலில் மகிழ்ந்தார். ஒரு மூச்சு விட்டதும் பயந்தார். தாங்கள் போய்விட்டால் அந்த நெஞ்சை யார் தெளிய வைப்பது? பொறாமைக்காரன் பார்ப்பது போல் வேறு யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை. தாங்கள் பஞ்சாலையைக் குளிப்பாட்டும் வார்டுக் குளியலறை வாசலில் அவர் போய் நின்றார்.

வெந்நீரில்தான் சூட்சுமம் என்று முடிவு கட்டினார். காய்ச்சல் தணிந்து வீட்டுக்கு வந்த பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்து வெந்நீர் ஊற்றினார். பிள்ளை சிவந்தது, சளி அசையவில்லை. பிள்ளையைத் தங்களிடம் விட்டுவிட்டு மறுபடியும் அந்த வாசலுக்கு வந்தார். தாங்கள் தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, காலைச் சாய்வாக நீட்டி, பஞ்சாலையைக் குப்புறப் போட்டிருந்தீர்கள். இடுப்பு தங்கள் முழங்காலில், தலை தங்கள் பாதத்தருகில்.

"ஆறு வயசுப் பொண்ண பச்சப்புள்ள மாதிரி கால்ல போட்டுக் குளிப்பாட்டுறீங்க. நல்லா கெடுத்து வைங்க!"

"சாமி நீட்டமா கால் குடுத்திருக்காரு டிரஸ்ஸர், வேற எதுக்காம்? செம்பருத்தி அரைச்ச தண்ணி கண்ணுல படாம இருக்கத்தான் தலையக் கீழ போடுறேன்" என்று சிரித்துக்கொண்டே முதுகைத் தட்டித் தேய்த்தீர்கள். பிள்ளை இருமியது. பச்சையாய் ஒரு கட்டி சாக்கடையில் விழுந்தது.

டிரஸ்ஸர் சாக்கடையையே பார்த்துக்கொண்டு நின்றார். மிஸ்ஸி, தங்களுக்கும் காரணம் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

நுரையீரல் தலைகீழாய் நட்ட மரம். மூச்சுக் குழாய் அடிமரம். கிளைகள் கீழே இறங்கிப் பரவும். நீர்த்த சளியை உடம்பே மேலே தள்ளிவிடும். கெட்டிச் சளி ஏறாது. பிள்ளை நிமிர்ந்திருக்கும் வரையில் அடியிலேயே கிடக்கும். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் விட்டுவிட்ட ரப்பர்ப் பால் கெட்டியாகி நாறுவதை நாம் பார்த்ததில்லையா? நிமிர்ந்து நிற்கும் மங்கு தானாக வடியுமா? கவிழ்க்க வேண்டும், அடியில் தட்ட வேண்டும். தங்கள் கால் செய்தது அதைத்தான்.

அன்றே அவர் வீட்டில் பலகையைச் சாய்த்தார். பிள்ளை இருமி இருமித் துப்பியது. மூச்சு அமைதியானது. அப்பன் முகம் மலர்ந்த நேரம் பார்த்துப் பிள்ளை, "மிஸ்ஸி இன்னும் பதமா தட்டுவாங்க" என்றது. அந்தப் பொறாமை மட்டும் அவருக்கு இன்னும் தீரவில்லை; தீர வேண்டாமென்று நாங்களும் விட்டுவிட்டோம்.

தாயே! சி ரூசாவில் தங்கள் தம்பி வீட்டில் கடற்காற்று தங்கள் மூச்சில் நிறையட்டும். முழங்கால் நோகாமல், கண் மங்காமல், தம்பியின் பேரப்பிள்ளைகளையும் அந்தக் காலிலேயே போட்டுக் குளிப்பாட்டும் பாக்கியத்தைத் தாங்கள் வணங்கும் தேவமாதா அருளட்டும்! பஞ்சாலையை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். தங்கள் கை இங்கேயே இருக்கும். அது செய்யும் வேலையை, இருமும் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார் எல்லாரும் கேட்கும்படி வாசித்து முடிக்கிறோம்:

காலையிலும் மாலையிலும், பிள்ளை சாப்பிடுமுன், ஒரு பலகையின் ஒரு முனைக்குக் கல் கொடுத்து உயர்த்துங்கள். இடுப்பு உயர, தலை தாழ, பிள்ளையைக் குப்புறப் படுக்க வையுங்கள். உள்ளங்கையைக் குழித்து, முதுகெலும்பில் படாமல், இரண்டு பக்கத்து விலாவிலும் தட்டுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் தட்டுங்கள். எழுப்பி உட்கார வைத்து இருமச் சொல்லுங்கள். சளி வரும்.

இங்ஙனம்,
டிரஸ்ஸர் திருநாவுக்கரசும்
கல்லுமலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி ஊழியரும்